‘தன்னன்னே’ பாடும்போது நா எங்கே நிற்க வேண்டும்?

கேள்வி: மேலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில், ஆண்டு விழாவுக்காக மாணவியருக்கு முளைப்பாரிக் கும்மி பழக்குகிறேன். பின்பாட்டு அச்சில் ‘தன்னன்னே நானே’ என்று பிரிந்திருக்கிறது. ஊர்ப் பெண்களோ ‘தன்னன்னேனானே’ என்று ஒரே மூச்சில் பாடுகிறார்கள். எதைக் கற்பிப்பது? ‘தந்தனத்தோம்’ என்பதில் தகரங்களை எப்படி ஒலிப்பது?

பதில்: ஊர்ப் பெண்கள் பாடுவதையே கற்பியுங்கள். ‘நானே’ என்று பிரித்து எழுதியதும் பிள்ளைகள் அதை ‘நான்தான்’ என்று பொருள்படும் சொல்லாக எண்ணி, நாவைப் பல்லில் வைத்து அழுத்திப் பாடத் தொடங்குகிறார்கள். ஓட்டம் அங்கேதான் அறுபடுகிறது. ‘அன்னம்’ என்று சொல்லும்போது நா எங்கே ஒட்டுகிறதோ, அதே இடத்தில் பின்பாட்டு முழுவதும் ஒட்டி ஒட்டி எழ வேண்டும். இரட்டித்த னகரத்தில் நா ஒரு கணம் தங்கட்டும். ‘தனனே’ என்று வழுக்கிவிட்டால் குரல் முந்திப்போய்க் கைத்தட்டு பின்தங்கிவிடும்.

‘தந்தனத்தோம்’ ஓர் அருமையான பயிற்சிச் சொல். அதன் முதல் தகரம் ‘தலை’யில் உள்ளதுபோல வன்மையாகவும், ந் என்பதை அடுத்தது ‘பந்து’வில் உள்ளதுபோல இளகியும், இரட்டித்தது ‘முத்து’வில் உள்ளதுபோல அழுத்தமாகவும் ஒலிக்கும். பேச்சில் பிள்ளைகள் பிழையின்றிச் செய்வதுதான் இது. மேடையில் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று நடுத் தகரத்தையும் வன்மையாக்கச் சொல்லாதீர்கள்; ஓசை முரடாகிவிடும்.

இலக்கணத்தில் குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை என்பது கணக்கு. கும்மியில் அந்த அளவைக் கைத்தட்டு நீட்டவும் குறுக்கவும் செய்யும். ஆகவே கடைசி ‘னே’யை எத்தனை மாத்திரை இழுப்பது என்று எண்ண வேண்டாம், பாட்டெடுப்பவர் அடுத்த அடியைத் தொடங்கும் வரை, வாயை மூடாமல், ஏகாரம் எகரமாகக் குறுகாமல் நீட்டினால் போதும்.

‘ஏலேலோ’வில் லகரம் ளகரமாகவும், ‘ஆராரோ’வில் ரகரம் றகரமாகவும் தடித்துவிடக் கூடாது. குலவையை எழுத்தில் எழுதிக் கொடுக்கவே வேண்டாம். அது நாவின் அசைவு, பார்த்துத்தான் பழக முடியும்.

அதற்காகவேனும் முளைப்பாரி எடுத்துப் பழகிய பாட்டி ஒருவரை ஒரு நாள் பள்ளிக்கு அழையுங்கள். தாளை மடித்து வைத்துவிட்டு, முதலில் கைத்தட்டை மட்டும், பிறகு பின்பாட்டை அவர் வாய்வழியே பிள்ளைகள் வாங்கட்டும். அவர் பாடுவது அச்சில் இருப்பதற்கு மாறாக இருந்தால், உங்கள் தாளைத் திருத்திக்கொள்ளுங்கள்.