கையுறை பீரோவில், பாலிசி சுவரில்

கேள்வி: திருப்பூரில் 40 பேர் வேலை செய்யும் சின்ன பனியன் கம்பெனி நடத்துகிறேன். தொழிலாளர் பாதுகாப்புக் கொள்கை எழுத்தில் வேண்டும் என்று பையர் (எங்களிடம் சரக்கு வாங்குபவர்) கேட்கிறார். இன்டர்நெட்டில் கிடைப்பதில் கம்பெனி பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதுமா?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 26 வருஷம் பனியன் கம்பெனிகளில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன் நான். ஒரு கம்பெனியில் பாதுகாப்புப் பாலிசி ஆங்கிலத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள், வரவேற்பறையில் தொங்கியது. கட்டிங் மெஷின் ஓட்டும் பையன் போட வேண்டிய ஸ்டீல் கிளவுஸ் ஆபீஸ் பீரோவில் இருந்தது. வெளியே வைத்தால் தொலைந்துவிடுமாம். ஒரு ராத்திரி ஷிப்டில் அவனுக்கு இடது ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. மறுநாள் பீரோவைத் திறந்தேன். கிளவுஸின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரித்திருக்கவில்லை.

போபால் விஷவாயுக் கொடுமைக்கு அப்புறம், 1987 திருத்தத்தில்தான் தொழிற்சாலைகள் சட்டத்தில் 7ஏ பிரிவு வந்தது. கொள்கையை எழுதினால் மட்டும் போதாது, எல்லாத் தொழிலாளருக்கும் தெரியப்படுத்த வேண்டும் என்று அப்போதே அதில் சொல்லியிருந்தார்கள்.

எழுத உட்காரும் முன் ஒரு நாள் முழுக்க ஃப்ளோரில் நில்லுங்கள். ஓவர்லாக் தையல் மெஷின்களில் நீடில் கார்டு (ஊசி விரலில் ஏறாமல் தடுக்கும் மறைப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். நூல் கோக்க இடைஞ்சல் என்று டெய்லர்களே கழற்றி வைத்திருப்பார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை, தைத்த பீஸ் கணக்குக்குக் கூலி தரும் பீஸ் ரேட்டில் ஒவ்வொரு நிமிஷமும் காசு. அதனால் முதல் வரியாக இதை எழுதுங்கள்: 'ஆபத்து என்று மெஷினை நிறுத்தினால் கூலி பிடிக்க மாட்டோம், பீஸ் ரேட்காரருக்கு அந்த நேரத்துக்குச் சராசரிக் கூலி தருவோம்.' இந்த வரி இல்லாத பாலிசியை எந்தத் தொழிலாளியும் நம்பி நான் பார்த்ததில்லை.

அப்புறம், 'நிர்வாகம் கவனிக்கும்' என்று எழுதாதீர்கள், ஆள் பெயரைப் போடுங்கள். அவசர வழிக் கதவைக் காலையில் திறந்து பார்ப்பது யார், அதன் முன்னால் பண்டல் அடுக்காமல் பார்ப்பது யார், ஸ்விட்ச் போர்டு பக்கம் சேரும் பஞ்சுத் தூசியைக் கூட்டுவது யார்? ராத்திரி ஷிப்டுக்குத் தனி ஆள் வேண்டும்.

ஒடிசா, பீகார் ஆட்கள் இருந்தால் தமிழோடு ஒடியாவிலும் இந்தியிலும் எழுதி, வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். கீழே முதலாளியாக நீங்களே கையெழுத்துப் போடுங்கள். கட்டிங் டேபிள் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து கிளவுஸை அதில் மாட்டுங்கள். பையருக்கு நகல் அனுப்புவது அதற்கு அப்புறம் ஆகட்டும்.