கல்யாணத்துக்குச் சாப்பிட்டதும் அதே மாத்திரைதான்

கேள்வி: வயது 49. மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து, பதினைந்து நாள் நிற்பதில்லை. திசுப் பரிசோதனையில் ‘அட்டிப்பியா இல்லாத ஹைப்பர்பிளாசியா’ என்று வந்தது. ஆறு மாதத்துக்குப் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை கொடுத்தார்கள். ஹார்மோன் மாத்திரையால் புற்றுநோய் வரும் என்று இணையத்தில் படித்துப் பத்தாம் நாளே நிறுத்திவிட்டேன். மூன்றே நாளில் ரத்தப்போக்கு. பிறகு மகள் கல்யாணத்துக்காக, மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையைக் கடையில் வாங்கிச் சாப்பிட்டேன். முடி கொட்டுகிறது. எனக்குப் புற்றுநோயா?

பதில்: இல்லை. ‘அட்டிப்பியா இல்லாத ஹைப்பர்பிளாசியா’ என்றால் கருப்பை உள்சவ்வின் செல்கள் பெருகியிருக்கின்றன, உருக்கெடவில்லை என்று பொருள். இது 20 ஆண்டுகளில் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு 100க்கு 5க்கும் குறைவு.

நீங்கள் பயந்து நிறுத்திய மாத்திரைதான் அதற்குக் காவல். கருப்பையின் உள்சவ்வை வளர்ப்பது ஈஸ்ட்ரோஜன். செல்லுக்குள் உள்ள ஏற்பிகளைப் பற்றிக்கொண்டால்தான் அது வேலை செய்யும். அந்த ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்வதும் அதுவே. முட்டை வெளியேறியபின் சுரக்கும் புரோஜெஸ்டிரோன், அந்த ஏற்பிகளைக் குறைத்துவிடுகிறது. போதாததற்கு ஒரு நொதியைத் தூண்டி, ஈஸ்ட்ரோஜன் வகைகளில் வீரியமான எஸ்ட்ராடையோலை வலுக்குறைந்த ஈஸ்ட்ரோனாக மாற்றுகிறது. ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் வந்துகொண்டே இருந்தாலும் வாங்கிக்கொள்ள ஆளில்லை. உங்கள் வயதில் பல மாதங்கள் முட்டை வெளியேறுவதில்லை, புரோஜெஸ்டிரோனும் இல்லை, சவ்வு தடுப்பார் இல்லாமல் தடிக்கிறது. 1970களில் மாதவிலக்கு நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்ததால் கருப்பைப் புற்றுநோய் கூடியது. அதன்பிறகுதான் கருப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்டிரோனையும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினோம்.

மூன்றாம் நாள் ரத்தப்போக்கு, மாத்திரையைச் சட்டென்று நிறுத்தியதன் விளைவு. கல்யாணத்துக்கு வாங்கினீர்களே, அது பெரும்பாலும் நோரெத்திஸ்டிரோன். அதுவும் இதே குடும்பம்தான். மருத்துவர் எழுதித் தந்தால் பயம், கடைக்காரர் எடுத்துத் தந்தால் தைரியம்! முடிக்கு எண்ணெய் தேடாமல் ஹீமோகுளோபின் பாருங்கள். இவ்வளவு ரத்தம் போனால் முடியும் கொட்டும்.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. மாதவிலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் உள்பாவாடையில் ஒரு பொட்டுக் கறை, இளம்பழுப்பாக இருந்தாலும், அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். ‘உடம்புச் சூடு’ என்று மாதக்கணக்கில் இளநீர் குடித்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலருக்கு அது சூடாக இருக்கவில்லை.

இப்போதைக்கு, எழுதித் தந்த மருத்துவரிடமே போய், நிறுத்தியதையும் கடை மாத்திரையையும் மறைக்காமல் சொல்லுங்கள். தினமும் விழுங்கச் சலிப்பாக இருந்தால், இதே குடும்பத்து மருந்தைக் கருப்பைக்குள்ளேயே கசியவிடும் லெவோநார்ஜெஸ்ட்ரல் சாதனம் பற்றிக் கேளுங்கள். பலருக்கு மாத்திரையைவிட அதுவே நன்றாகப் பலன் தருகிறது. ரத்தப்போக்கு நின்றுவிட்டாலும் ஆறாம் மாதத் திசுப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள்.