ஊர்க் கண்மாயில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எவ்வளவு கருவேலம் மண்டியிருக்கிறது என்று செயற்கைக்கோள் படத்தை வைத்து நாமே அளக்க முடியுமா?

முடியும். ‘கண்மாய்’ என்று எழுதியிருப்பதால் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். கூகுள் எர்த்தில் கோடு இழுத்துப் பார்த்திருப்பீர்கள். கரை எங்கே ஓடுகிறது என்று பார்க்க அது போதும். ஆனால் நீரையும் செடியையும் பிரித்துக் காட்டும் அகச்சிவப்புப் பட்டை அதில் கிடையாது.

சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் லெவல் 2ஏ (காற்றின் மங்கலை நீக்கிச் சரிசெய்த) படங்களை எடுங்கள். கோப்பர்னிகஸ் பிரௌசர் என்ற இணையதளத்தில் பதிவு செய்தால் காசில்லாமல் இறங்கும். திறக்க கியூஜிஐஎஸ் (QGIS) என்ற இலவச வரைபட மென்பொருள். ஜனவரியில் ஒன்று, மே மாதத்தில் ஒன்று, இரண்டே படம். நவம்பர் வேண்டாம், மேக நிழல் தண்ணீர் மாதிரியே தெரியும்.

பட்டை என்பது ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக வரும் கோப்பு: 3 பச்சை, 4 சிவப்பு, 8 அகச்சிவப்பு. ஜனவரிப் படத்தில் நீர்: (பட்டை 3 − பட்டை 8) ÷ (பட்டை 3 + பட்டை 8). பூஜ்யத்துக்கு மேலே வந்தால் நீர் என்பார்கள். செம்மண் கலங்கிய தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும், அதனால் எல்லையை உங்கள் படத்தைப் பார்த்து நகர்த்துங்கள். ஆகாயத்தாமரை மூடிய தண்ணீர் இந்தக் கணக்கில் செடியாகத்தான் வரும்.

மே மாதப் படத்தில் கருவேலம்: (பட்டை 8 − பட்டை 4) ÷ (பட்டை 8 + பட்டை 4). எண் கூடக் கூடப் பச்சை அடர்த்தி. புல்பூண்டெல்லாம் காய்ந்து கிடக்கும்போது சீமைக் கருவேலம் மட்டும் பச்சையாக நிற்கும். வேர் அவ்வளவு ஆழம். கரைப் பனையையும் மோட்டார் இறைக்கும் வயலையும் கையால் நீக்கிவிடுங்கள்.

பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கோப்புப் பெயரில் ‘என்’ (N) எழுத்தை அடுத்த எண் 0400 அல்லது அதற்கு மேல் இருந்தால், பட்டை எண்களில் 1000 கூட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்; ஒவ்வொரு பட்டையிலும் அதைக் கழித்த பிறகுதான் கணக்கு. 2022 ஜனவரி 25 முதல் இந்த முறை. படம் எடுத்த தேதியை நம்ப வேண்டாம். பழைய படங்களையும் மறுபடி செயலாக்கி விட்டிருக்கிறார்கள். சிவப்பு 400, அகச்சிவப்பு 3200 இருக்கும் அடர்ந்த கருவேலம் 0.78 காட்ட வேண்டும். கழிக்காமல் விட்டால் 1400, 4200 என்று எடுத்துக்கொண்டு 0.5 காட்டும். காடு புதராகிவிடும்.

பரப்பளவை யூடிஎம் 44 வடக்கில் (மீட்டரில் அளக்கும் வரைபட மண்டலம்) எடுங்கள், பாகையில் எடுத்தால் குப்பைதான் வரும். (கோவைப் பக்கத்துக்காரர்கள் இதைப் படித்தால், உங்களுக்கு 43.) ஒரு படப்புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். ஏக்கருக்கு நாற்பது புள்ளி. ஐந்து ஏக்கர் ஊருணி என்றால் கால்வாசிக்கு மேற்பட்ட புள்ளிகள் ஓரத்திலேயே போய்விடும், அதற்கு இந்த முறை வேண்டாம். ஐம்பது ஏக்கருக்கு மேல் நம்பலாம்.

‘ரேண்டம் ஃபாரஸ்ட் (கணினியைப் பழக்கி வகை பிரிக்கும் முறை) போடலாமே’ என்று யாராவது கீழே வந்து சொல்வார்கள். மாவட்டம் முழுக்க என்றால் போடுங்கள். ஒரு கண்மாய்க்குக் கழித்தல், வகுத்தல் போதும்; முடிவை நேரில் முப்பது இடத்தில் கைபேசி ஜிபிஎஸ்ஸோடு சரிபார்ப்பதுதான் முக்கியம்.

ஆக்கிரமிப்பை நிரூபிக்கத்தான் கேட்கிறீர்கள் என்றால் இது உதவாது. நீர் நிற்கும் இடம் வேறு, சர்வே எல்லை வேறு. எல்லை புலப்படத்தில் (சர்வே எண்ணுக்கான அளவு வரைபடம்) இருக்கிறது, பரப்பு அ-பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) இருக்கிறது. அந்தப் புலப்படத்தில் நீள அளவு இருக்கும். அட்சரேகை, தீர்க்கரேகை இருக்காது. வானத்திலிருந்து ஐந்து நாளைக்கு ஒருமுறை படம் வருகிற காலத்தில், அதை எங்கே பொருத்துவது என்று சர்வே கல்லைத் தேடி முள்ளுக்குள் புகுந்தாக வேண்டும். கல் இருந்தால்.