பழைய கணினியில் வைத்த இணையதளம் வீட்டில் மற்றவர்களின் போனில் திறக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: சும்மா கிடந்த கணினியில் லினக்ஸும், தளங்களைப் பரிமாறும் சர்வர் மென்பொருளான அப்பாச்சியும் நிறுவினேன். அதிலேயே பார்த்தால் தளம் திறக்கிறது. அதே வைஃபையில் இருக்கும் போனில் திறக்கவில்லை. வீட்டுக்குள் மட்டும் பார்க்கும்படி இரண்டு மூன்று தளங்களை இதில் வைக்க முடியுமா?

தாராளமாக வைக்கலாம். வீட்டில் நாலைந்து பேர் பார்க்கும் தளத்துக்குப் பழைய கணினியே போதும். என் வீட்டில் இந்த வேலையைப் பார்ப்பது திரை உடைந்துபோன ஒரு லேப்டாப். அலமாரியின் மேல்தட்டில் மூடியபடி நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்பாச்சியை நிறுவுவது பத்து நிமிட வேலை, அதை முடித்துவிட்டீர்கள். மிச்சமிருப்பதெல்லாம் முகவரி வேலை. அந்தக் கணினி எங்கே இருக்கிறது, அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று வீட்டில் உள்ள மற்ற கருவிகளுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு படியாகச் சரிபார்த்துக்கொண்டு போனால் எங்கே தடை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கணினியில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்துப் பார்த்திருப்பீர்கள். அது 127.0.0.1, அதாவது 'இதே கருவி'. போனில் அதையே அடித்தால் போன் தன்னிடமே தளத்தைத் தேடும். உங்களுக்கு வேண்டியது ரவுட்டர் அந்தக் கணினிக்குக் கொடுத்திருக்கும் ஐபி எண். பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும், சில வீடுகளில் 10 என்று. இந்த எண்களை உள்வலையமைப்புகளுக்கென்றே ஒதுக்கி 1996-ல் ஆர்எஃப்சி 1918 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வெளியானது. வெளி இணையத்தில் இவை செல்லாது. அதனால்தான் எத்தனை வீட்டில் ஒரே எண் இருந்தாலும் குழப்பம் வருவதில்லை.

அந்த எண்ணைப் போனில் அடித்துவிட்டு, எப்படித் தோற்கிறது என்று கவனியுங்கள். 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று சட்டென வந்தால் போன் கணினிவரை போய்விட்டது, ஆனால் தளங்களுக்கான வழக்கமான வாசலான 80-ஆம் போர்ட்டில் பதில் சொல்ல ஆள் இல்லை என்று அர்த்தம். அப்பாச்சி வழக்கமாக எல்லா முகவரியிலும் கேட்டுக்கொண்டிருக்கும். ஜாங்கோ போன்ற, தளம் எழுத உதவும் கருவிகளின் சோதனை சர்வர்கள் 127.0.0.1-ல் மட்டும் கேட்கும்; அவற்றை 0.0.0.0-ல், அதாவது எல்லா முகவரியிலும், ஓடவிட வேண்டும். பக்கம் வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்து பிறகு கைவிட்டால், பெரும்பாலும் உள்ளே வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால்தான். 80-ஆம் போர்ட்டை மட்டும் அனுமதியுங்கள். ஃபயர்வாலையே அணைத்துவிடும் பழக்கம் தயவுசெய்து வேண்டாம். அதிலும் தீரவில்லையென்றால் போன் விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் இருக்கும் கருவிகள் வீட்டின் மற்ற கருவிகளைத் தொடாதபடி ரவுட்டரே பிரித்து வைத்திருக்கும்.

போனில் திறந்துவிட்டதா? சரி, அந்த எண்ணை நிலையாக்குங்கள். இதை நான் தள்ளிப்போட்டேன். ஒரு நாள் மின்சாரம் போய் வந்த பிறகு, குடும்பப் படங்கள் இருக்கும் தளத்தைத் திறந்தால் பிரிண்டரின் பக்கம் வந்து நிற்கிறது, மை எவ்வளவு மிச்சம் என்ற பட்டைகளோடு. ரவுட்டர் எண்களை நிரந்தரமாகத் தருவதில்லை, குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைபோல் தருகிறது. என் லேப்டாப்பின் பழைய எண் பிரிண்டருக்குப் போய்விட்டது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், எண்களைப் பங்கிடும் டிஎச்சிபி பகுதியில் முகவரியை ஒதுக்கும் வசதி இருக்கும். கணினியின் மேக் முகவரியை (அதன் வலையமைப்பு அட்டையின் அடையாள எண்) அங்கே கொடுத்து ஓர் எண்ணை அதற்கென்று எழுதிவைத்தால் பிறகு மாறாது. கணினியிலேயே எண்ணைக் கைமுறையாகப் போடுவதைவிட இதுதான் நல்லது, எல்லாக் கணக்கும் ஒரே இடத்தில் இருக்கும்.

அப்புறம் பெயர். ஒரே கணினியில் பல தளங்கள் ஓடுவதற்கு இதுதான் ஆதாரம். பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது எந்தப் பெயரைத் தேடி வந்தது என்பதையும் ஹோஸ்ட் என்ற வரியில் சொல்லி அனுப்புகிறது; பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் மொழியான எச்டிடிபியின், 1997-ல் வந்த 1.1 பதிப்பு முதல் இது கட்டாயம். அப்பாச்சி அந்தப் பெயரைப் பார்த்துத் தளத்தைத் தேர்ந்தெடுக்கும். ஆகவே அப்பாச்சியின் அமைப்பில் ஒவ்வொரு தளத்துக்கும் விர்ச்சுவல் ஹோஸ்ட் என்ற ஒரு பகுதி, அதில் ஒரு பெயர், ஒரு கோப்புறை, அவ்வளவுதான். எந்தப் பெயரும் பொருந்தாவிட்டால் முதலில் எழுதிய தளமே வரும். 'எதைத் திறந்தாலும் ஒரே தளம் வருகிறது' என்று பலர் திணறுவது இங்கேதான். பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருக்கும்.

அந்தப் பெயர் எந்த எண்ணைக் குறிக்கிறது என்று மற்ற கருவிகளுக்கு யார் சொல்வது? தளத்தைப் பார்க்கும் கருவி லேப்டாப் என்றால், பெயரையும் எண்ணையும் இணைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி எழுதினால் முடிந்தது. போனில் அந்தக் கோப்பைச் சாதாரணமாகத் திருத்த முடியாது. ரவுட்டரில் பெயர்களைச் சேர்க்கும் வசதி இருந்தால் அங்கே எழுதுங்கள். இல்லையென்றால் அதே பழைய கணினியில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு மென்பொருளை ஓடவிட்டு, வீட்டின் டிஎன்எஸ் (பெயருக்கு எண் சொல்லும் சேவை) அதுதான் என்று ரவுட்டரிடம் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு போனில் 'பிரைவேட் டிஎன்எஸ்'ஸுக்கு ஒரு வெளிச் சேவையைக் கொடுத்திருந்தால் உங்கள் பெயர்கள் அதற்குத் தெரியாது, அதையும் பார்த்துவிடுங்கள்.

பெயரின் கடைசிப் பகுதியை மனம்போல வைக்காதீர்கள். டாட் டெவ் என்று வைத்திருந்தவர்கள் 2017 டிசம்பரில் வந்த குரோம் 63-ல் மாட்டிக்கொண்டார்கள். அந்தப் பெயர்களுக்கெல்லாம் மறைகுறியாக்கிய இணைப்பான எச்டிடிபிஎஸ்தான் என்று அது பிடிவாதம் பிடித்தது. டாட் டெஸ்ட் 1999-லேயே சோதனைக்கென்று ஒதுக்கப்பட்டது. வீட்டு வலையமைப்புக்கென்றே ஹோம் டாட் ஆர்பா 2018-ல் வந்தது. நான் பின்னதைத்தான் வைத்திருக்கிறேன். இன்னொன்று, பிரவுசர் சில நேரம் நாம் அடிக்கும் பெயரைத் தேடுபொறிக்கு அனுப்பிவிடும். முன்னால் http:// சேர்த்து அடித்தால் நேராகப் போகும்.

சின்ன வேலை ஒன்று: கணினி தூங்கப்போவதை நிறுத்துங்கள். லேப்டாப் என்றால் மூடினாலும் ஓடும்படி அமைப்பை மாற்ற வேண்டும்.

வெளியூரிலிருந்து பார்க்கும் ஆசை ஒரு நாள் வரும். அப்போது ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். திறந்த போர்ட்டுகளைத் தேடி இணையம் முழுவதையும் தானியங்கி நிரல்கள் ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கின்றன. வீட்டுக்கென்று தளர்வாக எழுதிய தளத்தை அவற்றின் முன்னால் வைக்காதீர்கள். வயர்கார்டு போன்ற ஒரு விபிஎன் (வீட்டுக்கு வரும் மறைகுறியாக்கிய தனிவழி) அமைத்துக்கொண்டால், எங்கே இருந்தாலும் உங்கள் போன் வீட்டு வைஃபையில் இருப்பதுபோலவே நடந்துகொள்ளும், தளங்களில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அமைக்கும்போது எங்காவது சிக்கினால், திரையில் வரும் பிழைச் செய்தியை அப்படியே கருத்தில் எழுதுங்கள், பார்க்கிறேன்.