திட்டம் முடிஞ்சுது, சரி, என்ன மாறிச்சு? தோட்டப்பக்கத்து கேள்விகளும் என் பதில்களும்

இலங்கை மலையகத்து தேயிலைத் தோட்டங்கள்ல உதவித் திட்டங்களுக்கு பஞ்சமே இல்ல. கோழி குடுத்தாங்க, தையல் மெஷின் குடுத்தாங்க, தண்ணி டேங்க் கட்டினாங்க, கடைசியில '350 பயனாளிகள்'னு எழுதி போட்டோவோட அறிக்கை போயிரும். 350 பேருக்கு குடுத்தது நாம செஞ்ச வேலை, அதால அவங்களுக்கு என்ன மாறிச்சுங்கறதுதான் பலன். இந்த ரெண்டையும் பிரிச்சு பாக்கணும்னு கேக்கறவங்க கூடிட்டு வர்றது எனக்கு ரொம்ப சந்தோசம். வந்ததுல சில கேள்விக்கு இங்க பதில் சொல்றேன்.

பிள்ளைக்காம்பராவுல (அம்மாமார் வேலைக்கு போறப்ப தோட்டத்துல புள்ளைங்களை பாத்துக்கற இடம்) ஒரு வருசமா பாலும் காலைச்சாப்பாடும் குடுத்தோம். புள்ளைங்க நிறை சராசரியா 2 கிலோ கூடியிருக்கு. இதையே பலன்னு எழுதலாமா? (ஹட்டன் பக்கம் வேலை செய்ற ஒரு திட்ட உத்தியோகத்தர்)

எழுதாதீங்க தங்கச்சி. ரெண்டு வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் ஒரு புள்ள சாதாரணமா வளந்தாலே வருசத்துக்கு ஏறக்குறைய 2 கிலோ கூடும், உங்க பாலு போகாட்டியும் அது கூடியிருக்கும். அதனால முதல்ல கிலோவை விட்டுட்டு, உலக சுகாதார நிறுவனம் 2006-ல வெளியிட்ட வளர்ச்சி அளவுப்படி வயசுக்கேத்த நிறையா மாத்துங்க, மிட்வைஃப் மிஸ் வச்சிருக்கற பதிவுல இதுக்கு வேண்டியது இருக்கும்.

அடுத்தது, ஒப்பிட்டு பாக்க ஆளு வேணும். அதே கம்பெனி, அதே உயரம், அதே மாதிரி லயம் (தொழிலாளர் வரிசை வீடுங்க), ஆனா உங்க திட்டம் போகாத டிவிஷன் (தோட்டத்தோட ஒரு பிரிவு) ரெண்டு மூணு எடுங்க. சும்மா ஒரு கணக்கு சொல்றேன், உங்க டிவிஷன்ல நிறை குறைஞ்ச புள்ளைங்க 40 சதவீதத்துல இருந்து 30க்கு வந்துச்சு, அதே காலத்துல பக்கத்து டிவிஷன்ல 38ல இருந்து 34க்கு வந்துச்சுன்னு வைங்க. உங்க பக்கம் 10 குறைஞ்சுது, ஒண்ணும் குடுக்காத பக்கமே 4 குறைஞ்சுது, அப்ப உங்க திட்டத்தோட பங்கு 6. இதை வித்தியாசத்துல வித்தியாசம்னு சொல்லுவாங்க. ஆனா இது சரியா வரணும்னா திட்டம் இல்லாம இருந்திருந்தா ரெண்டு பக்கமும் ஒரே போக்குல போயிருக்கணும், அதை நம்பிக்கையில சொல்லாம முந்தின மூணு நாலு வருசத்து நிறைப்பதிவை எடுத்து ரெண்டு பக்கமும் ஒண்ணா ஏறி இறங்கியிருக்கான்னு பாருங்க.

இன்னொண்ணு, திரிபோஷா சத்துமா பாக்கெட் மாதிரி வீட்டுக்கு குடுத்து விட்டா அது ஒரு புள்ளைக்கு மட்டும் போகாது, அண்ணன் அக்கா எல்லாரும் சாப்பிடுவாங்க. தொடக்கத்துல நிறை எடுத்து பாதியில நின்னுபோன புள்ளைங்களையும் விட்டுறாதீங்க, அம்மா கொழும்புக்கு வேலைக்கு போனதால பாட்டி வீட்டுக்கு போன புள்ளதான் பெரும்பாலும் மெலிஞ்ச புள்ளையா இருக்கும், அதுங்களை தவிர்த்துட்டு கணக்கு பாத்தா சராசரி தானா நல்லா தெரியும். 2016 குடித்தொகை சுகாதார ஆய்வுல நாடு முழுக்க வயசுக்கேத்த உயரம் இல்லாத அஞ்சு வயசுக்கு கீழ்ப்பட்ட புள்ளைங்க 17 சதவீதம், தோட்டத்துல கிட்டத்தட்ட 32. இவ்வளவு பெரிய பிரச்சினைக்கு எது வேலை செய்யுதுன்னு தெரியாம வருசாவருசம் காசு போறதை பாக்க மனசு கேக்கல.

2021ல நாள் சம்பளம் 1000 ரூபா ஆனது தோட்டத்து ஆளுங்க வருமானத்தை கூட்டிச்சான்னு ஆய்வு செய்றேன். 2020ஐயும் 2022ஐயும் ஒப்பிட்டா போதுமா? (பதுளையில இருந்து ஒரு பல்கலைக்கழக தம்பி)

தம்பி, இந்த ஒப்பீடு உங்களை நல்லா ஏமாத்தும். 2021 மார்ச்ல 1000 ரூபா வந்துச்சு, மே மாசமே ரசாயன உரம் இறக்குமதிக்கு தடை வந்துச்சு, கொழுந்து விளைச்சல் குறைஞ்சுது, அடுத்த வருசம் நாடே கவுந்து 2022 செப்டம்பர்ல விலைவாசி ஏத்தம் 70 சதவீதம் வரைக்கும் போச்சு. இதுல எது சம்பளத்தால வந்தது எது உரத்தால வந்ததுன்னு முன்ன பின்ன பாத்து பிரிக்கவே முடியாது.

அமெரிக்காவுல டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 1992ல நியூ ஜெர்சியில குறைஞ்சபட்ச சம்பளம் கூடினப்ப, கூடாத பக்கத்து மாநிலம் பென்சில்வேனியாவோட ஒப்பிட்டு பாத்தாங்க, மொத்தம் 410 சாப்பாட்டு கடைங்க. நமக்கு அந்த மாதிரி ஒரு எல்லை இல்ல, சம்பளம் எல்லா கம்பெனிக்கும் ஒரே நேரத்துல வந்துச்சு. அப்ப என்ன செய்றது? எல்லாருக்கும் வந்தாலும் எல்லாருக்கும் ஒரே அளவு தாக்கம் இருக்காதே, அதை பிடிச்சுக்குங்க. எஸ்தர் டுஃப்லோங்கற பொருளாதார ஆய்வாளர் இந்தோனேசியாவுல 1970கள்ல கட்டின 61,000 பள்ளிக்கூடத்தோட பலனை அப்படித்தான் பாத்தாங்க, எந்த மாவட்டத்துல கூட கட்டினாங்க எங்க குறைய கட்டினாங்கன்னு பிரிச்சு, பள்ளிக்கூடம் போற வயசுல இருந்தவங்களையும் வயசு தாண்டினவங்களையும் ஒப்பிட்டாங்க. நீங்க தோட்டங்களை பிரிக்கலாம், சம்பளம் கூடினதுக்கு முன்னாடியே, முழு நாள் சம்பளத்துக்கு பறிக்கணும்னு குறிச்ச கொழுந்து கிலோவை லேசா எடுத்த தோட்டம் எது, கஷ்டப்பட்டு எடுத்த தோட்டம் எதுன்னு. உரத்தடை எல்லா தோட்டத்தையும் ஒரே மாதிரி அடிச்சிருக்காதுங்கறதால ஒவ்வொரு தோட்டத்தோட மாசாந்த விளைச்சலையும் கணக்குல சேத்துக்கணும், அப்பவும் முடிவை கவனமாத்தான் எழுதணும்.

முக்கியமா, எதை அளக்கறீங்க? நாள் சம்பளம் 1000ன்னு 2021 கெசட்லயே வந்துச்சு, அதை அளக்க ஆய்வு வேணாம். மாசத்துல எத்தனை பேரு (வேலை நாள்) விழுந்துச்சு, அதுல எத்தனை அரைப்பேரு (அரை நாள் சம்பளம்), கிலோ கூட்டினாங்களா, பிடிச்சது போக கையில வந்தது எவ்வளவுங்கறதுதான் கேள்வி. அது செக்ரோல்லயும் (தோட்டத்து வேலைநாள் பதிவேடு) சம்பளத்துண்டுலயும் இருக்கு. பீரோவுல துண்டை சேத்து வச்சிருக்கற அம்மாக்களை தேடி போங்க, எந்த சர்வேயை விடவும் அது நம்பலாம்.

வகுப்பு பரீட்சையில கடைசியா வந்த 30 புள்ளைங்களுக்கு பின்னேர வகுப்பு வச்சோம். அடுத்த தவணையில முக்கால்வாசி பேர் மார்க்ஸ் கூடிருச்சு! (தலவாக்கலையில இருந்து ஒரு டீச்சர்)

டீச்சர், நீங்க பின்னேரம் நின்னு படிப்பிக்கறதை நான் மதிக்கறேன். ஆனா கடைசியா வந்தவங்கள்ல சில பேர் அன்னைக்கு காய்ச்சலா இருந்திருப்பாங்க, சில பேர் முதல் நாள் வீட்டுல சண்டையில தூங்கியிருக்க மாட்டாங்க, அடுத்த தவணையில அவங்க தானாவே கொஞ்சம் மேல வருவாங்க. மோசமானவங்களை மட்டும் பொறுக்கி எடுத்தா இது எப்பவும் நடக்கும். அடுத்த தடவை 30 இடம் இருந்தா 60 பேரை எடுத்து குலுக்கல்ல 30 பேரை முதல் தவணைக்கும் மீதியை ரெண்டாம் தவணைக்கும் போடுங்க, முதல் தவணை முடிவுல ரெண்டு கூட்டத்தோட மார்க்ஸையும் பாருங்க.

அஞ்சாம் ஆண்டு புலமைப்பரிசில் பத்தியும் கேட்டிருந்தீங்க. வெட்டுப்புள்ளிக்கு ரெண்டு மார்க்ஸ் மேல எடுத்த புள்ளையும் ரெண்டு மார்க்ஸ் கீழ எடுத்த புள்ளையும் கெட்டித்தனத்துல ஏறக்குறைய ஒண்ணுதான், ஒருத்தருக்கு பரிசில் கெடைச்சுது, ஒருத்தருக்கு இல்ல. அவங்க ரெண்டு பக்கமும் ஓஎல் (சாதாரண தர) பரீட்சை வரும்போது எப்படி இருக்காங்கன்னு பாத்தா பரிசிலோட பலன் தெரியும். 1960லயே திஸில்த்வெயிட், கேம்பல்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல ஒரு புலமைப்பரிசில்லதான் இந்த வழியை முதல்ல செஞ்சு காட்டினாங்க. கோட்டுக்கு ரொம்ப கீழ இருக்கற புள்ளையை பத்தி இது ஒண்ணும் சொல்லாது.

குலுக்கல் போட்டு சில பேருக்கு குடுக்காம விடறது பாவமில்லையா?

எல்லாருக்கும் குடுக்க காசு இருந்தா பாவம்தான். காசு இல்லாதப்ப யாருக்கு முதல்லன்னு எப்படியோ முடிவு எடுத்துத்தானே ஆகணும், இப்ப அது யாரை தெரியும்ங்கறதுல முடியுது, குலுக்கல் அதைவிட நியாயம். மெக்சிகோவுல 1997ல தொடங்கின ப்ரோக்ரெஸா திட்டத்துல 506 கிராமத்தை எடுத்து 320க்கு முதல்லயும் 186க்கு பின்னாலயும் குடுத்தாங்க, கடைசியில எல்லாருக்கும் போச்சு. நல்ல எண்ணத்துல செய்றது கெடுதலாவும் முடியலாம், அமெரிக்காவுல சின்ன பயலுகளை சிறைக்கு கூட்டிட்டு போய் பயம் காட்டி திருத்த பாத்தாங்க, குலுக்கல் முறையில ஆராஞ்சு பாத்தா போனவங்க போகாதவங்களை விட கூட தப்பு செஞ்சிருந்தாங்க. சோதிக்காம நாடு முழுக்க பரப்பறதுதான் எனக்கு பாவமா தெரியுது.

20 டிவிஷன்ல 400 புள்ளைங்களை எடுத்திருக்கோம், போதும்தானே?

400ன்னு நினைக்காதீங்க. ஒரே லயம், ஒரே தண்ணி, ஒரே டிஸ்பென்சரி, அதனால ஒரு டிவிஷன் புள்ளைங்க ஒண்ணுக்கொண்ணு ஒத்துத்தான் இருக்கும். அந்த ஒற்றுமையை 0ல இருந்து 1 வரைக்கும் அளந்து 0.1ன்னு வச்சா, டிவிஷனுக்கு 20 புள்ளைன்னா ஒரு புள்ளையோட கூட இருக்கறது 19, அப்ப 1 + 19 × 0.1 = 2.9, 400ஐ இதால பிரிச்சா 138 புள்ளைக்கு சமம். டிவிஷனுக்கு 10 புள்ளையா குறைச்சு 40 டிவிஷனுக்கு போங்க, அப்ப 1.9ஆல பிரிச்சா 210 வரும். பஸ் காசு கூடத்தான் ஆகும்.

சுயதொழிலுக்கு காசு வாங்கின பொம்பளைங்க வாங்காதவங்களை விட நல்லா இருக்காங்க. திட்டம் வெற்றிதானே?

காசு கேட்டு ஃபோர்ம் நிரப்பி டீஎஸ் ஆபீசுக்கு (பிரதேச செயலகம்) நாலு தரம் நடந்தவங்க முதல்லயே துணிச்சலான ஆளுங்க, காசு இல்லாட்டியும் முன்னுக்கு வந்திருப்பாங்க. நம்ம நாட்டுலயே 2005ல சுரேஷ் டி மெல், மெக்கென்சி, வுட்ரஃப் மூணு பேரும் களுத்துறை, காலி, மாத்தறையில சின்ன தொழில்காரங்களுக்கு குலுக்கல்ல 10,000 இல்லாட்டி 20,000 ரூபா பெறுமதிக்கு குடுத்து பாத்தாங்க. சராசரியா மாசத்துக்கு 5 சதவீதம் அளவுல லாபம், ஆனா ஆம்பளை பொம்பளைன்னு பிரிச்சா பொம்பளைங்க தொழில்ல சராசரி லாபம் கூடவே இல்ல. இது பொம்பளைங்களுக்கு குடுக்காதீங்கன்னு சொல்ற முடிவு இல்ல. காசு வீட்டு செலவுக்கு போச்சா, அவங்க பிடிச்ச தொழிலே சின்ன வருமானத்துக்கு மேல போகாததா, சந்தை தூரமான்னு தேடச் சொல்ற முடிவு, தோட்டத்துல டவுனுக்கு போய் வர்றதே அரை நாள். அதனால மொத்த சராசரியோட நிக்காம ஆம்பளை, பொம்பளை, டவுனுக்கு கிட்ட, எட்டன்னு தனித்தனியா பாருங்க. அப்படி பிரிக்கப்போறதை தொடக்கத்துலயே எழுதி வச்சிருங்க, முடிவு வந்தப்புறம் நல்லா தெரியற கூட்டத்தை தேடி எடுக்கறது ஆய்வு ஆகாது.

'திட்டம் திருப்தியா?'ன்னு கேட்டா 98 சதவீதம் ஆமாங்கறாங்க.

குடுத்தவங்களே வந்து, தோட்டத் தலைவரையும் பக்கத்துல வச்சுக்கிட்டு கேட்டா வேற என்ன சொல்லுவாங்க? திட்டத்தோட சம்பந்தமில்லாத ஆளை அனுப்புங்க, வேலை முடிஞ்சு மலையிலிருந்து இறங்கி வந்தப்புறம் வீட்டுல தனியா கேளுங்க, 'திருப்தியா'ங்கறதை எடுத்துட்டு போன வாரம் எத்தனை நாள் முட்டை சமைச்சீங்க, டேங்க்ல கடைசியா எப்ப தண்ணி வந்துச்சுன்னு கேளுங்க.