விற்ற கார் யார் பெயரில் ஓடுகிறது?

கேள்வி: வணக்கம் சார். கோவையில் பம்ப் உதிரிபாகத் தொழில் செய்கிறேன். கல்யாணத்துக்கு முன்பு, முதல் பெரிய ஆர்டர் பணத்தில் ஆசைப்பட்டு வாங்கிய இரண்டு சீட்டு பிஎம்டபிள்யூ இசட்4 வைத்திருந்தேன். மகள் பிறந்த பிறகு மூன்று பேராக எங்கும் போக முடியவில்லை. ஏழு மாதத்துக்கு முன் ஒரு யூஸ்டு கார் ஷோரூமில் அதை எக்ஸ்சேஞ்ச் கொடுத்து, பின்சீட்டு உள்ள ஃபோர்டு மஸ்டாங் கூபே எடுத்தேன். என் காருக்கு 28 லட்சம் என்று வாட்ஸ்அப்பில் சொன்னவர்கள், டெலிவரி அன்று புது வண்டிக்கு மாலை போட்டு நிற்கும்போது 26.5 லட்சம்தான் என்றார்கள். குடும்பத்தோடு நின்றதால் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மஸ்டாங்கை 'ஆக்சிடென்ட் ஆகாத வண்டி' என்றார்கள். இடது பின்பக்கம் மறுபடி பெயின்ட் அடித்தது என்று மெக்கானிக் காட்டினார். மஸ்டாங் ஆர்.சி. என் பெயருக்கு வந்துவிட்டது. பழைய காருக்கு பெங்களூரிலிருந்து இரண்டு இ-சலான் என் போனுக்கு வந்தது. ஷோரூமில் கேட்டால் மரியாதையில்லாமல் பேசுகிறார்கள். மோசடி வழக்குப் போட்டு என் பழைய காரையே திரும்ப வாங்க முடியுமா?

பதில்: நீங்கள் எழுதியது நான்கு பக்கம். இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறேன். அந்த நான்கு பக்கத்தில் இ-சலானைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. எனக்கு வேண்டியது அந்த வரி மட்டும்தான். சலான் உங்கள் போனுக்கு வருகிறது என்றால், இசட்4 இன்றைக்கும் உங்கள் பெயரில்தான் பதிவில் இருக்கிறது. யாரோ ஒருவர் பெங்களூரில் உங்கள் காரை ஓட்டிக்கொண்டிருக்கிறார். சட்டத்தின் கண்ணில் அது உங்கள் கார்.

மற்றதை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். ஒன்றரை லட்சம் குறைத்ததற்கு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். மாலை போட்டு நின்ற சங்கடம் எனக்குப் புரிகிறது, ஆனால் அது பத்திரத்தை மாற்றாது. பெயின்ட் விஷயம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தகுந்ததுதான். இரண்டு வருடக் காலக்கெடுவில் ஏழு மாதம் போயிருக்கிறது, அவசரமில்லை. மெக்கானிக்கிடம் எழுத்தில் ஒரு அறிக்கை மட்டும் வாங்கி வையுங்கள். மோசடி என்று காவல் நிலையம் போனால் 'சிவில் மேட்டர்' என்று திருப்பி அனுப்புவார்கள். மரியாதையில்லாமல் பேசியதற்கு வழக்கு கிடையாது.

பழைய கார் திரும்ப வருமா? வராது. பொருளுக்குப் பொருள் பரிவர்த்தனை செய்தால், வாங்கிய பொருளின் உரிமையில் குறை இருந்து அது உங்கள் கையை விட்டுப் போனால்தான் கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாம் என்கிறது 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 119வது பிரிவு. அப்போதும், அந்தப் பொருள் எதிர்த்தரப்பிடமோ, அவரிடமிருந்து இலவசமாகப் பெற்றவரிடமோ இருக்க வேண்டும். மறுபெயின்ட் உரிமைக் குறை ஆகாது. பெங்களூர்க்காரர் காசு கொடுத்து வாங்கியிருப்பார். போதாததற்கு, உங்கள் ரசீதில் இரண்டு வண்டிக்கும் தனித்தனி விலை போட்டு வித்தியாசத்தை பேங்க் லோனில் கட்டியிருக்கிறீர்கள். நடைமுறையில் அது இரண்டு விற்பனை. அந்தக் காரை மறந்துவிடுங்கள். அதன் ஆர்.சி.யை மட்டும் மறக்காதீர்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 2(30)வது பிரிவில் 'உரிமையாளர்' என்றால் யார் பெயரில் வாகனம் பதிவாகியிருக்கிறதோ அவர். யார் காசு வாங்கினார், சாவி யாரிடம் என்ற கேள்வியே அங்கே எழாது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த நவீன் குமார் – விஜய் குமார் வழக்கைப் பாருங்கள். விஜய் குமார் 2007இல் காரை விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார், அவர் மற்றொருவருக்கு, இப்படியே கை மாறிப் போனது. 2009 மே மாதம் அந்தக் கார் பின்னால் வரும்போது மோதி ஒரு சிறுவன் இறந்தான். காருக்கு இன்சூரன்ஸ் இல்லை. இத்தனை கைகளில் யார் இழப்பீடு கட்டுவது? ஆர்.சி.யில் பெயர் இருந்த விஜய் குமார்தான் என்றது நீதிமன்றம். பாதிக்கப்பட்டவர்கள் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது அதன் நியாயம். பிள்ளையை இழந்த குடும்பத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சரியான நியாயமும்கூட.

'என்னிடம் டெலிவரி நோட் இருக்கிறதே' என்பீர்கள். எல்லோரிடமும் இருக்கிறது. ஈரோட்டிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் என்னிடம் வந்தார். புரோக்கர் மூலம் கார் விற்று மூன்று வருடம் கழித்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து சம்மன். டெலிவரி நோட்டை லேமினேட் செய்து கொண்டுவந்திருந்தார். 'இன்று மாலை 4.40 மணி முதல் வாகனத்தின் சகல பொறுப்பும் எங்களையே சாரும்' என்று நீல மையில் எழுதி, ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டி, குறுக்கே கையெழுத்து. மணி வரைக்கும் சுத்தமாக எழுதியிருந்தது. அதைத் தீர்ப்பாயத்தில் காட்டினோம், பயனில்லை. ஏனென்றால் அந்தக் காகிதம் அவருக்கும் புரோக்கருக்கும் நடுவில்தான். அடிபட்டவர் அதில் கையெழுத்துப் போடவில்லை, அவரை அது கட்டுப்படுத்தாது. கட்டிய பணத்தைப் புரோக்கரிடம் திரும்பக் கேட்க அந்தக் காகிதம் உதவும். ஆனால் புரோக்கர் அதற்குள் கடையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். தீர்ப்பாயப் பணத்தைக் கட்டாவிட்டால் கலெக்டர் மூலம் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 174வது பிரிவு சொல்கிறது. அந்த வீட்டில் சொத்து என்று இருந்தது அவர் குடியிருந்த வீடுதான்.

தொகை எவ்வளவு வரும் என்று பலருக்குத் தெரிவதில்லை. நிலையான மாதச் சம்பளம் 60,000 வாங்கும் 28 வயதுக்காரர் ஒருவர் இறந்துவிட்டார், மனைவியும் குழந்தையும் தாயும் அவரை நம்பி இருந்தார்கள் என்று வையுங்கள். வருடத்துக்கு 7.2 லட்சம். எதிர்கால வருமான உயர்வுக்குக் குறைந்தது 40 சதவீதம் சேர்ப்பார்கள், 10.08 லட்சம். அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 6.72 லட்சம். இதை எத்தனை வருடத்துக்குப் பெருக்குவது என்பதற்கு வயதை வைத்து ஒரு எண் உண்டு, அந்த வயதுக்கு 17. ஆக மொத்தம் 1.14 கோடி. அதற்கு மேல் வட்டி. நீங்கள் ஒன்றரை லட்சத்துக்காக நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள்.

உங்களை இப்போதைக்குக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அந்தக் காரின் இன்சூரன்ஸ் ஒன்றுதான். அது இன்னும் ஐந்து வாரத்தில் முடிகிறது என்று இணைப்பில் பார்த்தேன். கிளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸை மஸ்டாங்குக்கு மாற்றிக்கொண்டது சரி, அது வண்டியோடு போவதல்ல, உங்களோடு வருவது. ஆனால் இசட்4இன் மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது வண்டியால் அடிபடும் மற்றவருக்கான காப்பீடு, ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது. பெங்களூர்க்காரர் எடுப்பார் என்று நம்பி உட்காராதீர்கள். பெயர் மாறாத வரைக்கும் உங்கள் பெயரிலேயே மூன்றாம் நபர் பாலிசி மட்டும் புதுப்பியுங்கள். 1500 சிசிக்கு மேற்பட்ட தனியார் காருக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணம் வருடத்துக்கு 7,897 ரூபாய், வரி தனி. விற்ற காருக்கு ஏன் கட்ட வேண்டும் என்று வயிறு எரியும். கட்டுங்கள். அப்புறம், ஓட்டுபவருக்கு லைசென்ஸ் இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்க வரும். பதினெட்டு வயது ஆகாத பையன் ஓட்டிப் பிடிபட்டால், 199ஏ பிரிவில் வாகன உரிமையாளர் மேலேயே கிரிமினல் வழக்கு, மூன்று ஆண்டு வரை சிறை. இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரின் சாவியை எந்த வீட்டுப் பையன் தொடாமல் விடுவான்?

யாரும் ஏன் பெயர் மாற்றவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கடைக்காரர் தன் பெயருக்கு மாற்றினால் ஆர்.சி.யில் ஓனர் எண்ணிக்கை ஒன்று கூடி விலை இறங்கும். அதற்காகத்தான் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30 இரண்டையும் பெயர் எழுதாமல் வைத்துக்கொள்கிறார். பெங்களூரில் வாங்கியவர் மாற்றினால் கர்நாடகாவில் மறுபடி ஆயுள் வரி கட்ட வேண்டும். அதனால் அவர் டிஎன் நம்பரிலேயே ஓட்டுகிறார். உங்கள் ஒருவரைத் தவிர பெயர் மாறுவதில் யாருக்கும் லாபம் இல்லை. பதினான்கு நாளுக்குள் விற்பனையை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டியதும் 50வது பிரிவின்படி விற்ற உங்கள் கடமைதான், கடைக்காரர் கடமை அல்ல. அதை நீங்கள் செய்யவில்லை.

ஒரு கதவு திறந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். 2023 ஏப்ரல் முதல், ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்ற யூஸ்டு கார் டீலரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29சி ஆன்லைனில் பதிவானால், அந்த டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். வண்டியின் பொறுப்பு முழுவதும் அவருடையது. நீங்கள் கொடுத்த காகிதங்களில் 29சி ஒப்புகை இருக்கிறதா? இருந்தால் உங்கள் நிலைமை மிகவும் தேவலை. அங்கீகாரமே இல்லாத கடை என்றால் இந்தக் கதவு இல்லை.

இனி என் யோசனை. சமரசம் செய்துகொள்ளுங்கள். ஒன்றரை லட்சத்தையும் பெயின்ட் வழக்கையும் விட்டுக்கொடுத்து, பதிலுக்குப் பெயர் மாற்றத்தை வாங்குங்கள். கடைக்காரருக்கு நுகர்வோர் வழக்கு ஒரு தலைவலி. உங்களிடம் பேரம் பேச இருப்பது அது மட்டும்தான், அதைச் சரியான பொருளுக்குச் செலவழியுங்கள். கர்நாடகா பதிவு இழுக்கும் என்று சொல்வார். 'அப்படியானால் முதலில் உங்கள் பெயருக்கோ உங்கள் ஆள் பெயருக்கோ கோவையிலேயே மாற்றுங்கள்' என்று சொல்லுங்கள். தமிழ்நாட்டுக்குள் மாற்ற என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வேண்டாம், புதிதாக ஆயுள் வரி வேண்டாம். பதினைந்து நாள் கெடு கொடுத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டுப் பேசுங்கள். வழக்கைக் கைவிடும் கடிதத்தை எழுதி உங்களிடமே வைத்திருங்கள். அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் வேறு பெயர் தெரிந்த பிறகுதான் அது கைமாற வேண்டும். 'ஃபுல் அண்ட் ஃபைனல்' என்று ஒரு காகிதம் நீட்டுவார்கள். அதற்கு முன்னால் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த முறை குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.

இந்த இடத்தில் மூன்று விதமாகத் தவறு செய்கிறார்கள், பார்த்திருக்கிறேன். கோபத்தில் ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்து வண்டியை பிளாக் செய்யச் சொல்கிறார்கள். பிளாக் ஆனால் பெயர் மாற்றமும் நின்றுவிடும். என்.ஓ.சி. கேட்டால் வீம்புக்குக் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள், இல்லையென்றால் என்.ஓ.சி. கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். என்.ஓ.சி. வெறும் அனுமதி. அங்கே பதிவாகும் வரை உங்கள் பெயர் அப்படியேதான் இருக்கும். மூன்றாவது, சலானுக்காக மாதக்கணக்கில் சண்டை போடுவது. நிலுவைச் சலான் இருந்தால் பெயர் மாற்றம் தடைபடும். ஷோரூமுக்கு ஒரு பதிவுத் தபால் எழுதிவிட்டு, ஆட்சேபத்தோடு கட்டிவிடுங்கள். ரசீதை வையுங்கள்.

பழைய ஃபாஸ்டாகை இன்னும் மூடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லதாகப் போயிற்று. மூடுவதற்கு முன் பேங்கிலிருந்து முழு ஸ்டேட்மென்ட் எடுங்கள். விஜயமங்கலம், ஓமலூர், கிருஷ்ணகிரி, அத்திபெலே டோல்கேட்களில் ஒரே நாளில் வரிசையாகப் பணம் போயிருந்தால், கார் என்றைக்குக் கோவையை விட்டுப் போனது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. கடைக்காரர் 'வண்டி இன்னும் எங்கள் யார்டில்தான் இருக்கிறது' என்று சாதித்தால் அதை மேஜையில் வையுங்கள். நாளைக்கு ஏதாவது விபத்து என்று வந்தால், கடைக்காரரிடம் ஈடு கேட்கவும் அது வேண்டும்.

திங்கட்கிழமை காலை டெலிவரி நோட், பணம் வந்த பேங்க் கணக்கு, ஷோரூம் ரசீது மூன்றின் நகலோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போய், 50வது பிரிவின்படி தாமத அறிவிப்பு கொடுத்து சீல் வைத்த ஒப்புகை வாங்குங்கள். தாமதத்துக்குச் சிறு தொகை கட்டச் சொல்வார்கள். அதனால் மட்டும் உங்கள் பெயர் நீங்காது, ஆனால் அந்தத் தேதியிலிருந்து நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பது எழுத்தில் இருக்கும். இன்சூரன்ஸ் புதுப்பிப்பைக் கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். அதை முடித்துவிட்டு நோட்டீஸுக்கு என்னிடமோ உங்கள் ஊர் வக்கீலிடமோ வாருங்கள்.