வார்டு குழு சிகிச்சையில் யாரும் வாய் திறக்கவில்லை என்றால்

மனநல வார்டில் நோயாளிகளை வட்டமாக உட்கார வைத்துப் பேசச் செய்யும் குழு சிகிச்சையை நடத்துகிறீர்கள்; ஆனால் யாரும் பேசுவதில்லை, ஆட்களும் தினமும் மாறுகிறார்கள் என்கிறீர்கள். முதலில், நேற்றைய பேச்சை இன்று தொடர முயல்வதை விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்வதுபோல் தினமும் இரண்டு பேர் டிஸ்சார்ஜ் ஆகி, புதியவர்கள் வந்து உட்காரும் வார்டில், ஒவ்வோர் அமர்வும் அன்றே தொடங்கி அன்றே முடிய வேண்டும். உள்நோயாளிக் குழுக்களுக்கு மனநல மருத்துவர் இர்வின் யாலோம் 1983-லேயே சொன்ன வழி இது.

மௌனத்துக்குக் காரணம் பெரும்பாலும் கேள்வியின் அகலம். “எப்படி இருக்கிறீர்கள்?” என்றால் எல்லோரும் தரையைத்தான் பார்ப்பார்கள். “இந்த அறையில் இன்று யாரிடம் ஒரு வார்த்தை பேச விரும்புகிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள்.

அப்போதும் அசைவில்லையா? மாத்திரை கொடுக்கும் நேரத்தைச் செவிலியரிடம் விசாரியுங்கள். தூக்கம் வரவழைக்கும் மருந்துக்குப் பின் வைத்த அமர்வு கொட்டாவியில்தான் முடியும். அது உங்கள் குறையல்ல.

ஒன்று மட்டும்: கடும் மனக்குழப்பத்தில் இருப்பவரை இதே வட்டத்தில் உட்கார வைக்காதீர்கள். அவருக்குச் சிறிய, எளிய குழு தனியாக வேண்டும்.